அரும்பிலேயே விட்டுவிடாதீர்கள்

முத்தாண்டிக்குப்பம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு என்பது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் ஒரே வகுப்பு. தரையில் வந்து உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தால் நான்கைந்து வகுப்புகள் தெரியும். ஒருத்தியின் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டுக்கு நாளிதழ் வருகிறது, அதன் தலைப்புச் செய்தியை அவள் எழுத்துக் கூட்டாமல் படித்துவிடுகிறாள். இன்னொருவனின் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள். ஆயா வீட்டிலிருந்து வருகிறான், அதுவும் பாதி நாள்தான். இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாடநூலின் தமிழ் பாதிக்கு மேல் புதியது. வட மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவரின் மகளுக்கோ முழுவதுமே புதியது. இத்தனை பேருக்கும் ஒரே புத்தகம், ஒரே கரும்பலகை, ஒரே ஆசிரியர். ‘நடுத்தரமான பிள்ளையை மனதில் வைத்துப் பாடம் நடத்துங்கள், மேலே கீழே இருப்பவர்கள் தாமாக ஒட்டிக்கொள்வார்கள்’ என்பது இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் யோசனை. இப்படிப்பட்ட வகுப்பில் அந்த நடுத்தரப் பிள்ளையைத் தேடிப் பார்த்தால் அப்படி ஒருவரும் இருக்க மாட்டார். எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் வகுப்பறை என்று பயிற்சிகளில் பேசும்போது அன்பு, பரிவு, பொறுமை என்றே பேச்சு போகும். அவை வேண்டாம் என்பவர் யாருமில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்து, அந்த இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கி, அங்கேயே தேங்கவிடாமல் நகர்த்துவதுதான் அதன் உயிர்நாடி என்பது என் கட்சி. இந்த மூன்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படாது.

எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வதே லேசான காரியமில்லை. முதல் இரண்டு வகுப்புகளில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள். பக்கத்தைத் திறந்து, விரலை வரியின் மேல் ஓட்டிக்கொண்டு, கணீரென்று ஒப்பிப்பார்கள். பார்வையிட வருபவர் மகிழ்ந்து தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். படத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, மூன்றாம் வரியின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும். விரல் வரியின் தொடக்கத்துக்கு ஓடும், அங்கிருந்து மறுபடி ஒப்பித்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடிக்கப் பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை, நினைவாற்றல் நன்றாக வருகிறது. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ‘அசர்’ ஆய்வு இதைத்தான் வீடு வீடாகப் போய்ச் செய்கிறது. பிள்ளைக்குப் பழகாத சிறு பத்தி ஒன்றைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது. 2022இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் பங்கு அதில் உண்டு என்றாலும், அதற்கு முந்தைய 2018 நிலவரமும் மெச்சும்படி இருக்கவில்லை. வகுப்பில் பெரும்பாலோருக்கு எட்டாத இடத்தில் இருக்கும் புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘பாடத்தை முடித்துவிட்டேன்’ என்று பாடக்குறிப்பேட்டில் எழுதுவதற்கு என்ன பொருள்?

கணக்கில் கதை வேறு விதமாக ஓடும். இது முந்திரிச் சீமை. பங்குனி, சித்திரையில் தோப்புக்குப் போகும் பிள்ளைகள் கொட்டை பொறுக்குவார்கள், எண்ணுவார்கள், எடை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். கிலோ 110 ரூபாய் என்றால் இரண்டரைக் கிலோவுக்கு எவ்வளவு என்று வாயால் கேட்டால் பதில் வரும். அதே பிள்ளையிடம் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லிப் பலகையில் எழுதினால் 35 என்று போடும். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டு, ஐந்திலிருந்து இரண்டு. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பவர்களே அதிகம். அந்தத் தவற்றுக்குள் ஒரு முறை இருக்கிறது: பெரிதிலிருந்து சிறிதைத்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைப் பிள்ளை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. பத்துக் குச்சிக் கட்டு ஐந்தும் உதிரிக் குச்சி இரண்டும் கையில் கொடுத்து, ‘27 எனக்குக் கொடு’ என்று கேட்டால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும் என்பதை அதுவே கண்டுபிடிக்கும். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. வியாபாரத்தில் சிக்கலான கணக்கை மனதுக்குள் போட்டுவிடும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக் கணக்கு வந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரு தரப்பையும் ஒரே வகுப்பில் வைத்திருக்கும் நாம் ஒரு தரப்பை மட்டும் ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதி வைக்கிறோம். மெல்ல நடப்பது அந்தப் பிள்ளையா, நம்முடைய பாடமா என்பதை யாரும் கேட்பதில்லை.

நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குவது என்ற முயற்சியைத் தமிழ்நாடு பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்துவிட்டு, அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007-08க்குள் மாநிலத்தின் ஏறத்தாழ 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. சுவரில் ஏணிப்படி அட்டவணை, தட்டில் சின்னம் போட்ட அட்டைகள், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, மேலே பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். காலையில் வரும் பிள்ளை தானே வருகையைக் குறித்துவிட்டு, நேற்று எந்தப் படியில் விட்டதோ அந்தப் படியின் அட்டையை எடுத்துக்கொள்ளும். வெளியில் இருந்து பார்த்தவர்கள் வண்ணத்தையும் ஆட்டபாட்டத்தையும் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அதன் அருமை வேறு. முந்திரிப் பருவத்திலும் கரும்பு வெட்டிலும் பத்து நாள், இருபது நாள் வராமல் போகும் பிள்ளை, பாடநூல் வகுப்பில் திரும்பி வரும்போது நான்கு பாடம் பின்தங்கியிருக்கும், அதற்குப் பிறகு எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. ஏணிப்படியில் அது விட்ட படியிலேயே ஏறிக்கொள்ளலாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நட்ட கன்று காய்ப்புக்கு வரும்வரை வெளியூர்க் கூலியை நம்ப வேண்டியிருந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு இப்படியொரு முறை எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. வராமல் போனதற்குத் தண்டனை இல்லாத முதல் வகுப்பறை அது என்பதே என் மதிப்பீடு.

அப்படியானால் அது ஏன் நிலைக்கவில்லை? ‘பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள், ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்து தெரியவில்லை’ என்று பெற்றோரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் சொன்ன குறை முழுக்கப் பொய்யில்லை. நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நின்றால் ஆசிரியர் ஒருவர் ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம் கொடுக்க முடியும்? ஆசிரியர் துணையுடன் கற்பது, பகுதித் துணையுடன் கற்பது, சக மாணவர் துணையுடன் கற்பது, தானே கற்பது என்று குழுக்கள் பிரிந்தன. தாளில் அழகான பிரிவு. நடைமுறையிலோ ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பதிலும் எந்தக் குழந்தை எந்தப் படி என்று குறிப்பதிலும் காலம் கழித்தார். சக மாணவர் துணை என்பது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதாகத் தேய்ந்தது. பிறகு அது எளிமையாக்கப்பட்டது, பாடநூலும் திரும்பி வந்தது. இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், நிலைக்கேற்பக் கற்பித்தல் என்பதே ஆகாத வேலை என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பிரித்ததில் பிழை இல்லை, ஓர் ஆசிரியரின் கைக்கு அடங்காத அளவுக்குப் பிரித்ததுதான் பிழை. ஒரு மணி நேரத்தில் ஓர் ஆள் உண்மையாகக் கவனிக்க முடிந்தது மூன்று குழு. நான்காவது குழுவை உண்டாக்கினால் யாராவது ஒரு குழு சும்மா உட்கார்ந்திருக்கும், அது பெரும்பாலும் சத்தம் போடாத குழுவாகவே இருக்கும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த மூன்றில்தான் வந்து நின்றது: அரும்பு, மொட்டு, மலர். எழுத்தும் எண்ணும் இன்னும் பிடிபடாதவர்கள் அரும்பு, வகுப்புக்கு ஒரு படி கீழே இருப்பவர்கள் மொட்டு, வகுப்பு நிலையை எட்டியவர்கள் மலர். பாடலும் கதையும் எல்லாருக்கும் பொது, பயிற்சி மட்டும் அவரவர் நிலைக்கு. இப்படிச் செய்வதால் பலன் உண்டா என்ற கேள்விக்கு உலகத்தில் நல்ல சான்று இருக்கிறது. கென்யாவில் 121 பள்ளிகளில் முதல் வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்தார்கள், மீதிப் பள்ளிகளில் குலுக்கல் போலப் பிரித்தார்கள். நிலை பார்த்துப் பிரித்த பள்ளிகளில் மேலே இருந்தவர்களும் முன்னேறினார்கள், கீழே இருந்தவர்களும் முன்னேறினார்கள். ஹரியானா அரசுப் பள்ளிகளில் நாளுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, வகுப்பைப் பாராமல் நிலையைப் பார்த்து உட்கார வைத்ததில் மொழிப் பாடத்தில் முன்னேற்றம் கிடைத்தது. ஆனால் உத்தரகண்டில் இதே பயிற்சியும் கற்றல் பொருள்களும் போய்ச் சேர்ந்தும் பலன் இல்லை. தனி நேரம் ஒதுக்கப்படாத இடத்தில் ஆசிரியர் பழைய பாடத்திட்டத்தையே ஓட்டினார். நம் மாநிலத்திலேயே, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் பெருந்தொற்று இழப்பில் மூன்றில் இரண்டு பங்கை ஊரகப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோரின் ஆய்வு சொல்கிறது. அந்த மாலை வகுப்பில் தன்னார்வலர்தான் உட்கார்ந்தார், கையில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. பிள்ளை இருந்த இடத்திலிருந்து தொடங்கக் கொஞ்சம் நேரம் இருந்தது.

இனி, இந்த ஏற்பாட்டின் மேல் வைக்கப்படும் கனமான மறுப்புக்கு வருகிறேன். குழு பிரிப்பது முத்திரை குத்துவது என்கிறார்கள். நம் ஊரில் அந்த முத்திரை எங்கே போய் ஒட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளை மலரில், குடியிருப்பிலிருந்தும் காலனியிலிருந்தும் வரும் பிள்ளை அரும்பில் என்றால், தெருவில் இருக்கும் பிரிவை நாமே வகுப்பறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்துவிட்டதாக ஆகும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. உட்காரும் இடத்தில் சாதி எப்படி ஒளிந்துகொள்ளும் என்று தெரிந்தவர்கள் எழுதிய பரிந்துரை அது. கென்ய ஆய்வைக் காட்டி இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது, அங்கே நம் ஊர்ச் சாதி இல்லை. என் விடை இதுதான்: குழு என்பது நாளில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இருக்க வேண்டும். பாடத்துக்குப் பாடம் மாற வேண்டும், தமிழில் அரும்பாக இருக்கும் முந்திரித் தோப்புப் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம், அதை வகுப்பே பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது வாசிக்கவிட்டுப் பார்த்துக் குழுவைக் கலைத்து மறுபடி பிரிக்க வேண்டும். மற்ற நேரம் முழுவதும், காலை உணவிலும் சத்துணவிலும் கதை நேரத்திலும், அகர வரிசையோ வேறு எந்த வரிசையோ, கலந்துதான் உட்கார வேண்டும். ஜூனில் அரும்பில் இருந்த ஆறு பேரும் ஜனவரியிலும் அரும்பிலேயே இருந்தால் மறுப்பாளர்கள் சொன்னது சரி, நாம் செய்தது முத்திரைதான். குழு சரியா தவறா என்பது அது கலைகிறதா என்பதைப் பொறுத்தது. ஆனால் முத்திரைக்கு அஞ்சிக் குழுவே வேண்டாம், எல்லாருக்கும் ஒரே பாடம் என்று போவதும் ஒரு வகைப் பிரிப்புதான். அங்கே பின்வரிசை என்ற ஒரே குழு உண்டு, அதிலிருந்து வெளியே வர வழி கிடையாது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் வீணாகிறார்கள், அதனால்தான் நெய்வேலி நகரியப் பள்ளிக்கும் ஆங்கில வழிப் பள்ளிக்கும் வேன் பிடித்து அனுப்புகிறோம் என்று பெற்றோர் சொல்வது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. பல வகுப்பறைகளில் மலர்ப் பிள்ளைகளுக்கு என்று தனியே வேலை எதுவும் தரப்படுவதில்லை, அரும்புக்குச் சொல்லிக் கொடுக்கும் குட்டி ஆசிரியர்களாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். சொல்லிக் கொடுப்பதால் தனக்கும் தெளிவு வரும் என்பது உண்மை, ஆனால் நாள் முழுக்க அதையே செய்தால் அது சம்பளமில்லாத வேலை. நூலகப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அரைப் பக்கம் எழுதச் சொல்வது, வீட்டில் வந்த கரண்ட் பில்லைக் கொண்டுவரச் சொல்லி அதில் கணக்குப் போடச் சொல்வது போன்ற வேலைக்குத் தனிப் பணம் தேவையில்லை.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் ‘உள்ளடக்கிய கல்வி’ என்றால் அலுவலக வழக்கில் அது அவர்களை மட்டும் குறிப்பதாக ஆகிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை எல்லார் கண்ணிலும் படும். கண்ணில் படாமல் போவது லேசான காதுக் குறைவும் லேசான பார்வைக் குறைவும். காதில் சீழ் வடிந்து வடிந்து கேள்வி மங்கிய பிள்ளை ‘சொன்னதைக் கேட்பதே இல்லை’ என்று திட்டு வாங்கும். அது ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறது, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அந்தப் பாதியும் போய்விடும். சன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசினாலும் அப்படித்தான், வெளிச்சம் பின்னால் இருப்பதால் முகம் கறுத்துத் தெரியும். பார்வைக் குறைவுள்ள பிள்ளை பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும், காப்பியடிப்பதாகப் பெயர் வாங்கும். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநருக்குப் பல பள்ளிகள், அவர் வராத நாள்களே அதிகம். அந்த நாள்களில் வெளிச்சம் முகத்தில் விழ நிற்பது, பலகையில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுவது, எழுத்தைப் பெரிதாக எழுதுவது ஆகிய மூன்றும் வகுப்பாசிரியரின் கையில் இருக்கின்றன. சிறப்புப் பள்ளியில்தானே இவர்களுக்கு நல்லது என்பவர்களுக்கு: முழுதும் கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் பள்ளி தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் வகுப்புகளில் இருப்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இடம் மாற்றி உட்கார வைப்பதும், ஒரு கண்ணாடியும், காது டாக்டரிடம் ஒரு சீட்டும்.

கடைசி மறுப்பு ஆசிரியர்களாகிய எங்கள் தரப்பிலிருந்தே வருவது: இதற்கெல்லாம் நேரம் எங்கே? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். இரண்டு பேர், ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் தலைமையாசிரியர், பாதி நாள் பதிவேட்டோடும் கூட்டத்தோடும் போய்விடும். வளரறி மதிப்பீட்டைச் செல்பேசிச் செயலியில் பிள்ளை பிள்ளையாகப் பதிய வேண்டும், சிக்னல் கிடைக்காத இடத்தில் அது சாயங்காலம் வரை இழுக்கும். இதை நான் சாக்குப்போக்கு என்று சொல்ல மாட்டேன். பிள்ளையின் நிலையை அறியச் செய்த ஏற்பாடு, பிள்ளையோடு இருக்க வேண்டிய நேரத்தையே தின்றால் அதை மாற்றத்தான் வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை ஒரு தாளில் மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் பெயர்கள், சென்ற மாதத்திலிருந்து இடம் மாறியவர்களுக்குக் கீழே ஒரு கோடு. வகுப்பை நடத்த அதற்கு மேல் பதிவு தேவையில்லை. மேலே உள்ளவர்களுக்குப் புள்ளிவிவரம் தேவை என்றால் சில பள்ளிகளை எடுத்து வெளியாள் வந்து சோதித்துப் பார்க்கட்டும். பிள்ளையின் நிலையைப் பதிகிற ஆசிரியரே அதற்குப் பதில் சொல்ல வேண்டியவராகவும் இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் காகிதத்தில் மலர்ந்துவிடும். இதைத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஐந்து வகுப்பு இரண்டு ஆசிரியர் என்ற நிலைக்கு நிலை பார்த்துப் பிரிப்பதே உண்மையில் கைகொடுக்கும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளை அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக உட்கார வைத்து மூன்று குழுவாக்கினால் மூன்று பாடம் நடத்துவதும் மூன்று குழு நடத்துவதும் ஒரே உழைப்புதான், பலன் இரண்டாவதில் கூடுதல்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பற்றிக் கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டியவை. அதோடு உங்கள் பிள்ளை தமிழில் எந்தக் குழு, கணக்கில் எந்தக் குழு, சென்ற கூட்டத்தின்போது எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். இரண்டு கூட்டத்துக்கு ஒரே பதில் வந்தால், மூன்றாவது கூட்டத்தில் ஏன் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்காக மட்டும் கேட்காமல், கூட்டத்துக்கு வர முடியாமல் கரும்பு வெட்டப் போயிருப்பவர்களின் பிள்ளைக்காகவும் சேர்த்தே கேளுங்கள்.